சொல் விளக்கம்: செலவுப் பகிர்வு

அமெரிக்காவில் மேய்ச்சல் நிலம் வாங்கி மாடு வளர்க்கிற பெரியப்பாவின் மகன் ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். காணிக்குள் ஓடும் ஓடையின் கரை அரிபடுகிறதாம். மாடுகள் இறங்காமல் வேலி அடைக்கவும் கரையில் மரம் வைக்கவும் அரசாங்கம் 'கொஸ்ட் ஷெயார்' தருமாம். "தம்பி, இது மானியமோ கடனோ? அம்மா கேட்கிறா, என்னெண்டு சொல்லுறது?"

கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் குடியிருக்கும் எனக்குள்ள காணி, பல்கணியில் நிற்கும் மூன்று பூச்சட்டி. மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. 'மானியம்' என்று தட்டச்சு செய்துவிட்டு, அனுப்பாமல் அழித்தேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். 1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் உழுது விட்ட மண் வறட்சியில் புழுதியாகக் கிளம்பிப் போனது. 1935 ஏப்ரலில் மண் பேணலுக்கான சட்டம் வந்தது. அதற்காக வாதாடிய ஹியூ பென்னற் என்ற மண்ணியலாளர் புதிய மண் பேணல் சேவையின் தலைவரானார். நிலத்தில் பெரும்பகுதி தனியாட்களின் கையில் இருந்ததால், கட்டளை போட்டு மண்ணைக் காக்க முடியாது என்பது தெரிந்தது. ஊர்தோறும் காணிக்காரர்களே நடத்தும் மண் பேணல் அமைப்புகள் 1937 முதல் உருவாயின. இன்று ஏறக்குறைய 3,000 உண்டு. காசுக்கு வழி செய்யும் திட்டங்களில் பெரியது, 'ஈக்விப்' என்று சுருக்கிச் சொல்லப்படுவது, 1996 இல் வந்தது. மதிப்பிட்ட செலவில் 75 வீதம் வரை அரசு தரும். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர், வருமானம் குறைந்தவர் போன்றோருக்கு 90 வீதம் வரை போகும். மிச்சம் காணிக்காரரின் பொறுப்பு.

இதில் மூன்று முடிச்சுகள் இருக்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் வேலையைத் தொடங்கினால் பொதுவாகக் காசு இல்லை. வேலை முடிந்து, சொன்ன தரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெரும்பாலும் கைக்கு வரும். கட்டியதைக் குறித்த காலம்வரை பழுதில்லாமல் வைத்திருக்கவும் வேண்டும். திருப்பிக் கட்டத் தேவையில்லை என்பதால் கடனும் இல்லை. அப்படியானால் மானியமா?

மானியம் வடமொழிச் சொல். 'மதிப்புக்குரியது' என்ற பொருளிலிருந்து பிறந்தது. கோயிலுக்கோ, கற்றவருக்கோ, ஊருக்கு ஊழியம் செய்தவருக்கோ மதிப்புச் செய்து வரியில்லாமல் விட்ட நிலம்தான் மானியம். கல்வெட்டுகள் இதையே இறையிலி என்கின்றன: இறை என்றால் வரி, வரி இல்லாதது இறையிலி. வாங்குகிறவர் தன் மடியிலிருந்து எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை. நிலம் போய்க் காசான பிறகும் அந்த வாசம் சொல்லை விட்டுப் போகவில்லை. 1962 இல் தொடங்கிய உர மானியத்தோடு வளர்ந்த நாங்கள், மானியம் என்றதும் மேலிருந்து கீழே வருகிற ஒன்றைத்தான் நினைக்கிறோம். பெரியம்மாவிடம் மானியம் என்று சொன்னால், மகனுக்கு அரசாங்கம் சும்மா காசு கொடுக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவா.

இந்த நாட்டிலும் பெயர் ஒன்று, நடப்பது வேறு என்பதற்கு உதாரணம் உண்டு. 1953 இல் சட்டமான இறப்பர் மறுநடுகை மானியத்தை எடுங்கள். பழைய மரத்தை வெட்டி, சரிவில் கான் வெட்டி, கன்று வைத்து, அதிகாரி வந்து பார்த்த பிறகு தவணை தவணையாகக் காசு வரும். அந்தக் காசும் இறப்பர் ஏற்றுமதியில் அறவிட்ட செஸ் வரியிலிருந்து வந்தது. சட்டம் மானியம் என்றாலும், தோட்டக்காரர் செய்தது பங்கு போட்டுச் செலவழித்ததுதான்.

ஆகவே 'கொஸ்ட் ஷெயார்' என்பதற்கு நான் வைப்பது செலவுப் பகிர்வு. செலவுப் பங்கீடு என்றும் எழுதலாம். ஆனால் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்குப் பங்கீடு என்றால் அளந்து கொடுப்பது. பகிர்வில் அந்த நிழல் இல்லை. வாரம் என்ற பழைய சொல்லும் பங்குதான்: நிலச் சொந்தக்காரருக்கு மேல்வாரம், பயிரிட்டவருக்குக் குடிவாரம். ஆனால் 'செலவு வாரம்' என்று எழுதினால் எந்தக் கிழமை என்று கேட்பார்கள்.

பகிர்வின் வேர் 'பகு'. பகுதி, பாதி, பங்கு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். பகுத்து என்பது பாத்து என்று குறுகும். பகிர்ந்துண்ணும் உணவைக் குறள் 'பாத்தூண்' என்கிறது. இன்னொரு உறவினரைக் கொழும்புப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் சந்திக்கிறோம். வரவு செலவுத் திட்டத்தைப் 'பாதீடு' என்று எழுதுகிறார்களே, அது தொல்காப்பியத்து வெட்சித் திணைச் சொல். கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் தமக்குள் பங்கிடுவது பாதீடு. நிதியமைச்சர் பெட்டியோடு பாராளுமன்றப் படியேறும்போதெல்லாம் எனக்கு மாட்டு மந்தைதான் ஞாபகம் வரும்.

அடுத்த சிக்கல், பிரசுரத்தில் வரும் 'கொன்சர்வேஷன்'. பாதுகாப்பு என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. 1951 இன் 25ஆம் இலக்கச் சட்டத்தையும் மண் பாதுகாப்புச் சட்டம் என்கிறோம். இந்த நகரத்தில் பாதுகாப்பு என்றால் முதலில் கண்ணில் நிற்பது அமைச்சும் சோதனைச் சாவடியும். 'காணி பாதுகாப்பு' என்றால் யாரோ எல்லைக் கல்லைத் தள்ளுகிறான் என்றுதான் படும். பேணல் நல்ல சொல், 'கரையோரம் பேணல்' என்று அரச வழக்கிலும் உண்டு. குழந்தையைப் பேணுவதுபோல் பயன்படுத்திக்கொண்டே பார்த்துக்கொள்வது. ஓம்பல் இன்னும் அழகு, ஆனால் விருந்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.

பிரசுரம் யாருக்கு என்பதைத் 'தனியார் காணி உரிமையாளர்' என்று நேரே பெயர்த்தால் அதையும் மாற்ற வேண்டும். தனியார் என்றால் எங்களுக்குத் தனியார் பஸ், தனியார் கம்பனி. பெரும்பகுதி நிலம் அரசுடையதாக இருக்கும் இந்த நாட்டில் சனங்கள் வேறு விதமாகப் பிரித்துப் பேசுவார்கள்: அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது பேர்மிட் காணி, சொந்தப் பத்திரம் உள்ளது உறுதிக் காணி. முதலாவதின் சட்டமும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டம்தான். அமெரிக்கப் பிரசுரம் அழைப்பது உறுதிக் காணிக்காரரை, அல்லது வெறுமனே சொந்தக் காணிக்காரரை.

அண்ணாவுக்கு எழுதினேன்: "சொந்தக் காணிக்காரருக்கான நிலம்பேணல் செலவுப் பகிர்வு. கடன் இல்லை, சும்மா தாறதும் இல்லை. கையெழுத்து வைக்க முதல் வேலியைத் தொடங்கிப் போடாதேங்கோ."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "கட்டை நேற்றே இறக்கியாச்சு தம்பி. இன்னும் ஊண்டேல்லை."