ட்ரோஜன்: தமிழில் கரவுநிரல்

“சிஸ்டத்துல வைரஸ் பூந்துடுச்சு.” ரிச்சி தெருவில் எந்த சர்வீஸ் கடை வாசலில் நின்றாலும் இது காதில் விழும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலும் வைரஸ், பிரவுசரில் விளம்பரம் கொட்டினாலும் வைரஸ், பாஸ்வேர்டு களவு போனாலும் வைரஸ். ஆனால் நல்ல ஃபைல் போல வேடம் போட்டு உள்ளே வரும் ட்ரோஜன் என்ற நிரல், வைரஸ் அல்ல. அந்த வேறுபாடு தெரியாமல்தான் என் அண்ணன் வைத்தியத்தைத் தப்பான இடத்தில் தொடங்கினார்.

அண்ணனுக்குத் திருவல்லிக்கேணியில் டிடிபி கடை. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆடியிலேயே பத்திரிகை அடிக்கக் கூட்டம் வந்துவிடும். அப்படி ஒரு நாள், “கல்யாணப் பத்திரிகை மேட்டர், இன்றைக்கே ப்ரூஃப் வேண்டும்” என்று ஒரு மெயில். கூடவே ஒரு ஜிப் ஃபைல். அதற்கான பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருந்தது. உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரு ஃபைல். மவுஸால் இரண்டு தட்டு தட்டினார். கறுப்பாக ஒரு சின்ன ஜன்னல் மின்னி மறைந்தது, அவ்வளவுதான். ஃபைல் கரப்ட் ஆகியிருக்கும், பார்ட்டி திரும்ப அனுப்புவார்கள் என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் காலை கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் யாரோ கிரிப்டோ விளம்பரம் போட்டிருந்தார்கள். “ஓடிபியே வரலையே தம்பி, எப்படி உள்ள போனான்?” என்று எனக்கு போன் செய்தார்.

அந்த ஃபைலின் முழுப் பெயர் பிடிஎஃப் என்று முடியவில்லை. அதற்குப் பின்னால், ஓடும் நிரல்களுக்கு இருக்கும் எக்ஸி (.exe) என்ற வால் இருந்தது. தெரிந்த வகை ஃபைல்களின் வாலை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடும். அதனால் ஓடக்கூடிய ஒரு நிரல், படிக்கக்கூடிய ஓர் ஆவணம் போலக் கண்ணுக்குத் தெரிந்தது. ஜிப்புக்குப் பூட்டு போட்டதும் காரணத்தோடுதான்: பூட்டிய ஜிப்புக்குள் இருக்கும் ஃபைலை மெயில் சேவையின் ஸ்கேனர் பெரும்பாலும் திறந்து பார்க்க முடியாது.

சரி, இதற்கு ஏன் ட்ரோஜன் என்று பெயர்? பழைய கிரேக்கக் கதையில் வரும் டிராய் நகரத்துக்காரர் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு நேர்பொருள். பத்து ஆண்டுகள் முற்றுகையிட்டும் டிராய் விழவில்லை. கிரேக்கர்கள் பெரிய மரக்குதிரை ஒன்றைச் செய்து, வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்து, கடற்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போவது போல நடித்தார்கள். டிராய் மக்கள் அதை ஊருக்குள் இழுத்துப் போனார்கள். ரோமக் கவிஞர் வர்ஜில் சொல்லும்போது, குதிரைக்கு வழிவிடத் தங்கள் மதிலைத் தாங்களே பிளந்தார்கள் என்கிறார். இரவில் வீரர்கள் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள். சூழ்ச்சி செய்தவர்கள் கிரேக்கர்கள், ஏமாந்தவர்கள் ட்ரோஜன்கள். ட்ரோஜன் குதிரை என்ற முழுப்பெயரில் குதிரை உதிர்ந்துபோக, ஏமாந்தவர்களின் பெயர் ஏமாற்றிய கருவிக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மக்களுக்கு நேர்ந்த இந்த இரண்டாவது அநியாயம் எனக்கு எப்போதும் உறுத்தும்.

அந்தக் கதையில் பலரும் மறந்துவிடும் ஒருவன் உண்டு: சைனோன். கிரேக்கர்கள் வேண்டுமென்றே விட்டுப்போன ஆள். இந்தக் குதிரை தெய்வத்துக்கு நேர்ந்த காணிக்கை, உள்ளே கொண்டுபோனால் உங்களுக்குத்தான் நல்லது என்று அழுது நடித்து நம்பவைத்தவன் அவன்தான். குதிரை தானாக நடந்து ஊருக்குள் போகவில்லை. அண்ணனுக்கு வந்த அந்த அவசர மெயில்தான் அவருடைய சைனோன். இலவச கிராக் சாஃப்ட்வேரோடு வரும் “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்” என்ற குறிப்பும் அதுவே. இப்போது இன்னொன்றும் கிளம்பியிருக்கிறது. நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க விண்டோஸ் பட்டனோடு ஆர், அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர் அடியுங்கள் என்று ஒரு பக்கம் கேட்கும். அப்படிச் செய்தால், அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த திருடனின் கட்டளையை நம் விரலாலேயே ஒட்டி ஓட்டிவிடுகிறோம். எந்த உண்மையான கேப்சாவும் இப்படிக் கேட்காது.

கணினி உலகில் இந்தப் பெயர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. அமெரிக்க விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் எழுதிய பாதுகாப்பு அறிக்கையிலேயே ட்ரோஜன் குதிரை இருக்கிறது. 1989இல் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று லேபிள் ஒட்டிய ஃபிளாப்பிகள் தபாலில் பலருக்கும் போய்ச் சேர்ந்தன. போட்டவர்களின் ஃபைல் பெயர்களைப் பூட்டிப் பணம் கேட்டது அந்த நிரல். அன்று பூட்டிப் பறித்தார்கள், இன்று அதோடு சத்தமில்லாமல் திருடவும் செய்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது? நச்சுநிரல் என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. லத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு, ஆகவே வைரஸுக்கு அது அருமையாகப் பொருந்தும். வைரஸ் மற்ற ஃபைல்களில் ஒட்டிக்கொண்டு தன்னைப் பெருக்கிக்கொள்ளும். ட்ரோஜன் பெருகாது, தொற்றாது. வேடம் போட்டு வாசலில் நிற்கும், நாம்தான் உள்ளே அழைக்க வேண்டும். தீநிரல் என்பது எல்லாக் கெட்ட நிரல்களுக்கும் பொதுப்பெயர். மரக்குதிரை என்று பெயர்த்தால் டிராய் கதை தெரியாதவருக்கு எதுவும் விளங்காது.

நமக்கே இப்படி ஒரு கதை இருக்கிறது. கொங்குவேளிர் பாடிய பெருங்கதை என்ற பழைய காப்பியத்தின் நாயகன் உதயணனுக்கு யானை என்றால் உயிர். கோடபதி என்ற யாழை மீட்டியே யானைகளை அடக்குவான். அவனைப் பிடிக்க உஞ்சை (உஜ்ஜயினி) மன்னன் பிரச்சோதனன் அனுப்பியதும் யானைதான்: பொறியால் செய்து, உள்ளே வீரர்களை ஒளித்த யானை. ஆளுக்குத் தக்க தூண்டில். டிடிபி கடைக்காரருக்குக் கல்யாண மேட்டர் வந்தது போல.

ஆனால் யானைநிரல் என்று பெயர் வைத்தாலும் கதை சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கும். தேடி நான் வந்து நின்ற சொல் கரவு. “நெஞ்சிற் கரவுடையார் தம்மைக் கரப்பர்” என்று பள்ளியில் படித்த மூதுரை வெண்பாவில் வரும் அதே கரவு. நஞ்சுள்ள நாகம் ஒளிந்திருக்கும், நஞ்சில்லாத நீர்ப்பாம்பு வெளியே கிடக்கும் என்பது அங்கே உவமை. கரவுக்கு மறைவு என்றும் வஞ்சனை என்றும் பொருள், களவு என்றும் பொருள். கரவடர் என்றால் திருடர். ஒளிந்து வந்து, ஏமாற்றி, தகவலைத் திருடிப் போகும் நிரலுக்கு மூன்று பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. தமிழில் ட் என்ற எழுத்தில் சொல் தொடங்காது என்ற சிக்கலும் தீர்கிறது. ஆகவே என் பரிந்துரை கரவுநிரல்.

களவு என்ற இந்த மூன்றாவது பொருளில்தான், ஓடிபி வராமல் எப்படி என்ற அண்ணனின் கேள்விக்கு விடை இருக்கிறது. இவ்வகை நிரல் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை எடுக்கும். கூடவே குக்கிகளையும் எடுக்கும். நாம் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்பதற்குப் பிரவுசர் வைத்திருக்கும் அனுமதிச் சீட்டுதான் குக்கி. அந்தச் சீட்டை நகலெடுத்தவன் புதிதாக நுழையத் தேவையில்லை, அதனால் ஓடிபியும் வராது. சில நிரல்கள் சில நிமிடங்களில் வேலையை முடித்துத் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். அப்புறம் ஸ்கேன் செய்தால் எதுவும் சிக்காது. ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் போன பொருள் போனதுதான்.

அண்ணன் பதறிப்போய் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தார். நிரல் இன்னும் உள்ளே இருந்தால் புதியவையும் அதன் வழியே போயிருக்கும். முதலில் நெட்டைத் துண்டித்தோம். பிறகு என் போனில் இருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றினோம், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குக்கும் மெயில்தான் சாவி. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்ற வசதியை ஒவ்வொரு கணக்கிலும் அழுத்தினோம். திருடிய குக்கியைச் செல்லாமல் ஆக்குவது இதுதான். கடைசியாக வங்கிக் கணக்கைப் பார்த்தோம். நல்லவேளை, பணம் போகவில்லை. போயிருந்தால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்திருப்போம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மடக்கும் வாய்ப்பு கூடும்.

கம்ப்யூட்டரை முதலில், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் ஆஃப்லைன் ஸ்கேனில் போட்டோம். விண்டோஸ் முழுதாக எழும்பும் முன்பே தேடுவதால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் நிரலும் அதில் மாட்டும். கால் மணி நேரத்தில் ஒன்று மாட்டியது. நிரல்களைத் தானாக ஓட்டிவிடும் ஸ்டார்ட்அப் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர், கூடவே பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் என்று தெரியாத பெயர்களைத் தேடி நீக்கினோம். அதோடு நிறுத்தலாம் என்றார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், கையெழுத்து எல்லாம் வந்துபோகும் கடை அது. டிசைன் ஃபைல்களை மட்டும் தனி டிஸ்கில் எடுத்துக்கொண்டு, கிராக் சாஃப்ட்வேர் எதையும் எடுக்காமல், என் லேப்டாப்பில் தயார் செய்த பென்டிரைவ் வழியாக பார்மட் அடித்தோம்.

விண்டோஸ் ஏறி முடிந்தபோது இரவு பதினொன்றரை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ஃபைல்களின் வாலைக் காட்டும் பெட்டியில் அண்ணனே ஒரு டிக் போட்டார்.