அடிப்பதோடு ஊசியின் வேலை முடிவதில்லை

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில், காட்டுப்பன்றித் தொல்லை புதிதன்று. பயிரழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கிய பின், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. தோட்டா வெடிக்காமல் போனால் அங்கே சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி தேய்ந்துவிட்டது. இது பாதி உண்மை. மறுபாதி, ஊசி வெளிவரும் துளையில் இருக்கிறது.

ரைஃபிளின் விசையை இழுத்ததும் சுருள்வில் விடுபட்டு, ஊசி போல்ட்டின் (தோட்டா அறையைப் பின்புறம் அடைக்கும் எஃகு உருளை) முகத்திலுள்ள துளை வழியே முன்னே பாய்ந்து, தோட்டாவின் அடிப்பகுதியில் பதிந்திருக்கும் சிறு உலோகக் கிண்ணமான கேப்பைத் தாக்குகிறது. கேப்பின் மெல்லிய உலோகம் குழிந்து, உள்ளே இருக்கும் கலவை எதிரிலுள்ள பட்டடை முனையில் நசுங்கித் தீப்பற்றுகிறது. இதற்கு ஊசிமுனை போல்ட் முகத்தைத் தாண்டி ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டால் பொதுவாகப் போதும். குறைந்தால் கேப் வெடிக்காமல் போகலாம். மிகுந்தாலோ முனை கூராக இருந்தாலோ கேப் கிழிந்துவிடும். அதனால்தான் முனையை அரைக்கோளமாக உருட்டி மெருகேற்றுகிறார்கள்.

பலரும் கவனிக்காத பகுதி இதற்குப் பின்னரே தொடங்குகிறது. தோட்டாவின் வெடிமருந்து எரியும்போது அறைக்குள் 3,000 வளிமண்டலம் அளவுக்கு அழுத்தம் எழுகிறது என்று கொள்வோம். துளையின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றால், அந்தச் சிறு வட்டத்தின் மீது மட்டும் ஏறத்தாழ 100 கிலோ எடைக்கு ஈடான விசை பின்னோக்கி அழுத்துகிறது. கேப்பின் மற்றப் பகுதிக்கு போல்ட்டின் எஃகு முகம் சுவராக நிற்க, துளைக்கு நேரான பகுதிக்கோ ஊசிமுனையைத் தவிர வேறு தாங்கல் இல்லை. ஆகவே அடித்த ஊசி, அந்தக் கணத்தில் அடைப்பானாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. ஊசிக்கும் துளைக்கும் இடையே வெளி கூடினால், கேப்பின் உலோகம் அந்த வளையத்துக்குள் பிதுங்கும். கிழிந்துவிட்டாலோ, கொதிக்கும் வாயு போல்ட்டுக்குள் புகுந்து சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். 1898-ஆம் ஆண்டின் மவுசர் ரைஃபிளில், அவ்வாறு புகும் வாயுவைத் திசைதிருப்பவே போல்ட்டில் துளைகள் விட்டிருந்தார்கள்.

இதனால், துளை அகன்றுபோன போல்ட்டில் புது ஊசியை மாட்டுவது தீர்வாகாது. துளையைப் பெரிதாக்கி, எஃகுச் செருகி ஒன்றைப் பதித்து, அதில் ஊசிக்கு ஏற்ற சிறு துளையை மையம் பிசகாமல் திறப்பதே சரியான முறை. மையம் விலகினால் அடியின் ஆற்றல் கேப்பில் முழுமையாக இறங்காது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பேசும் இவ்வேலைக்கு அந்தக் கட்டுப்பாடு மிகையென்று எனக்குத் தோன்றவில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஈரத்தால் ஏறும் துருவும் இறுகிப்போன பழைய எண்ணெயும் ஊசியின் வேகத்தைக் குறைப்பதால், நீளம் சரியாக இருந்தும் அடி மெலிந்துபோகும்.

தேர்ந்த கைவினைஞர் முதலில் கேட்பது சுட்ட தோட்டாக்கூட்டைத்தான். அதன் கேப்பில் வழவழப்பான வட்டக்குழி இருந்தால் பொருத்தம் சரி. குழியைச் சுற்றி விளிம்பு எழும்பியிருந்தால், துளை தளர்ந்திருக்கலாம் அல்லது அழுத்தம் மிகுந்திருக்கலாம். நடுவில் கரிபடிந்த பொத்தல் இருந்தால், கேப் கிழிந்திருக்கிறது. குழி ஆழமற்று இருந்தால் மட்டுமே, ஊசியின் நீளத்தையும் சுருள்வில்லையும் அவர் சந்தேகிக்கத் தொடங்குவார்.