மெய்நிகர்ப் பயிற்சியா, மாயத்தோற்றப் பயிற்சியா?

முதியோர் நினைவாற்றல் பற்றிய துண்டறிக்கைகளில் ‘மாயத்தோற்றப் பயிற்சி’ என்ற தொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. சிலர் ‘மாய உலகச் சிகிச்சை’ என்றும் எழுதுகிறார்கள். சொல்லவருவது வர்ச்சுவல் ரியாலிட்டியை (விஆர்). முகத்தில் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணினி வரைந்த கடையிலோ தெருவிலோ நடமாடி, கவனத்தையும் நினைவையும் திட்டமிடும் திறனையும் பழக்குவது. வேறு துறையில் இந்தப் பெயர்ப்பை அழகில்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். முதியோர் மருத்துவத்தில் அப்படி விட முடியாது.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இலத்தீனில் ‘விர்ட்டுஸ்’ என்றால் ஆற்றல், வலிமை. அதிலிருந்து வந்த ‘வர்ச்சுவல்’, பெயரளவில் அதுவாக இல்லாவிட்டாலும் பயனளவில் அதுவே என்ற பொருளை அடைந்தது. பிரெஞ்சு நாடகக்காரர் ஆன்டனின் ஆர்த்தோ 1938இல் வெளிவந்த தம் நூலில் நாடக மேடையைப் பற்றி எழுதும்போது இதற்கு நேரான பிரெஞ்சுத் தொடரைக் கையாண்டார். கணினித் துறையில் அதைப் பரப்பியவர் ஜேரன் லேனியர், 1980களில். இந்த வரலாறு முழுவதிலும் ஏமாற்று என்ற சாயலே கிடையாது.

பிறகு ‘மாயம்’ எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? பள்ளி இயற்பியலிலிருந்துதான். ஒளிக்கதிர்கள் உண்மையில் சந்திக்காமல் சந்திப்பதுபோல் தோன்றும் இடத்தில் உருவாவதை ‘மாய பிம்பம்’ என்று படித்தோம். இலங்கையில் ‘மாய விம்பம்’. அங்கே அது பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், விஆர் கண்ணாடிக்குள்ளும் ஒரு மாய பிம்பம் இருக்கிறது. கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் திரையை, வில்லை ஒன்றிரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதாகக் காட்டும். அதனால்தான் படிக்கிற கண்ணாடி உள்ளே உதவாது. தூரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் வில்லை செய்யும் வேலைக்கு வைத்த பெயரைப் பயிற்சி முழுவதற்கும் சூட்டுவது தவறு.

மாயத்தோற்றம் என்ற சொல் மருத்துவத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. இல்லாத உருவம் கண்ணில் தெரிவது மாயத்தோற்றம், இல்லாத ஒலி காதில் விழுவது மாயக்குரல். லூயி பாடி டிமென்ஷியா என்ற மறதிநோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று, வீட்டில் இல்லாத ஆட்களும் குழந்தைகளும் விலங்குகளும் தெளிவாகத் தெரிவது. பார்வை மங்கிய முதியோரிடம் வரும் சார்ல்ஸ் போனே நோய்க்குறியிலும் இப்படித்தான். பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சிப் பலர் அதை வெளியே சொல்வதில்லை. இவர்களிடம் மருத்துவர் கேட்டாக வேண்டிய கேள்வி: “உங்களுக்கு மாயத்தோற்றம் ஏதாவது தெரிகிறதா?” முந்தின நாள் மாயத்தோற்றப் பயிற்சிக்குப் போய்வந்த பெரியவர் என்ன சொல்வார்? “ஆமாம், நேற்று அரைமணி நேரம் பார்த்தேன்.” குறிப்பேட்டில் அது எப்படி ஏறும்? போதாக்குறைக்கு, மாயத்தோற்றம் உள்ளவர்களைப் பொதுவாக இந்தப் பயிற்சியில் சேர்ப்பதில்லை. ஒரே சொல் சிகிச்சைக்கும், அந்தச் சிகிச்சையை விலக்க வேண்டிய அறிகுறிக்கும்!

‘மாய யதார்த்தம்’ என்று திருத்துகிறவர்களும் உண்டு. அது இலத்தீன் அமெரிக்கக் கதைகளைப் பற்றிப் பேச இலக்கியக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்ட தொடர். நாளிதழில் ‘மாயம்’ என்றால் ஆள் காணவில்லை என்று பொருள். பேச்சில் அது வஞ்சகம்.

‘மெய்நிகர்’ நல்ல சொல். நிகர என்பது நன்னூல் அடுக்கும் உவம உருபுகளில் ஒன்று. மதிநிகர் முகம் என்றால் முகத்தை யாரும் மதி என்று நம்பிவிடுவதில்லை. போன்றது, ஆனால் அது அல்ல. பயிற்சியில் உட்காருபவர் மனதில் இருக்க வேண்டிய தெளிவும் இதுதான். அந்தத் தெளிவு இல்லாதபோது நடப்பது: கடை மேசை தெரிகிறதே என்று அதில் கை ஊன்றுவார், விழுவார். ஆகவே சக்கரமில்லாத, கைப்பிடியுள்ள நாற்காலி கட்டாயம். முதல் நாள் ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். போகப்போக இருபது முப்பது நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. ஐந்து பொருள்களை நினைவில் வைத்து, அலமாரியில் தேடி எடுத்து, சரியான சில்லறை கொடுப்பது வழக்கமான பயிற்சி. கண்ணாடி அரைக் கிலோ கனம். பின்பட்டையைச் சரியாகப் பொருத்திக் கட்டாவிட்டால் பாரமெல்லாம் மூக்கில் இறங்கும். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைச் சரிசெய்யாவிட்டால் மங்கலும் தலைவலியும் வரும்.

மெய் என்றால் உடல் என்றும் பொருள் உண்டு. கண் ‘நடக்கிறேன்’ என்கிறது, உட்காது ‘உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிறது. மெய்க்கு நிகராகக் காட்சி இல்லாதபோதுதான் குமட்டல். கையிலுள்ள விசையைத் தள்ளிக் காட்சிக்குள் வழுக்கிக்கொண்டு போவதைவிட, இடம்விட்டு இடம் சட்டென்று மாறும் முறையில் இது குறையும்.

‘மெய்நிகர் உண்மை’ என்பதும் வேண்டாத நீட்டல். மெய் வந்த பிறகு உண்மை எதற்கு? மெய்நிகர்ப் பயிற்சி, மெய்நிகர்க் கடை, மெய்நிகர்ச் சூழல் போதும். செய்ந்நன்றி, மெய்ஞ்ஞானம் வழியில் ‘மெய்ந்நிகர்’ என்று எழுதுவோரிடம் சண்டை இல்லை, இலக்கணம் அவர்கள் பக்கம்தான். ஆனால் பரவிவிட்டது ‘ந்’ மிகாத ‘மெய்நிகர்’.

இதே துண்டறிக்கைகளில் ‘அறிவாற்றல் குறைபாடு’ என்ற இன்னொரு கொடுமையும் உண்டு. கணக்கு வாத்தியாராக ஓய்வுபெற்றவரிடம் அதை நீட்டினால், அறிவு குறைந்தவன் என்று சொல்வதாகவே படிப்பார். கவனம், நினைவு, மொழி, திட்டமிடல் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் காக்னிஷன் என்பதைச் சொல்ல ‘அறிதிறன்’ இருக்கிறது. அதையே ‘புலனறிவு’ என்பவர்கள் பெர்செப்ஷனுக்கு, அதாவது கண், காது முதலிய புலன்களால் உணர்வதற்கு, எந்தச் சொல்லை வைத்திருக்கிறார்களோ! அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு, படிக்கப்போகிறவருக்கு எழுபது வயது என்பதை மறந்துவிடுகிறார்கள். பயிற்சியால் அன்றாட வாழ்வில் எவ்வளவு பயன் என்பதே இன்னும் ஆய்வில் இருக்கும்போது, ‘மூளையை இளமையாக்கும் மாய உலகம்’ என்று தலைப்புப் போடுவது மொழிபெயர்ப்புக்கூட இல்லை, விளம்பரம்.

ஒப்புதல் படிவத்தில் கலைச்சொல்லை ஒருமுறை எழுதி, கீழே இப்படி விரித்தால் போதும்: “மெய்நிகர்ப் பயிற்சி. இந்தக் கண்ணாடியில் ஒரு கடை தெரியும். அது படம், தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். எதன்மீதும் சாய வேண்டாம், எழ வேண்டாம். தலை சுற்றினால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள், கழற்றிவிடுகிறோம்.”