எதிர்ப்பு சக்தி கம்மின்னு உங்களுக்கு யாரு சொன்னா?

ஆட்டோஇம்யூன் நோய்னா எதிர்ப்பு சக்தி கம்மின்னு நெனச்சு மாத்திரைய நிறுத்திட்டு வர்றவங்க நெறைய, இந்த மாசமும் அதே கேஸ். பெரம்பூர்ல இருந்து ஒரு காலேஜ் பொண்ணு, லூபஸ்னு ஒரு ஆட்டோஇம்யூன் நோய், ஒரு வருஷமா நல்லா கண்ட்ரோல்ல இருந்தவ, இப்ப மொகமெல்லாம் வீங்கி, கால்ல விரல வச்சு அமுக்குனா குழி விழுது, யூரின்ல புரோட்டீன் ஏகத்துக்கும் போகுது. மாத்திரை என்னாச்சும்மான்னு கேட்டா அவங்க அம்மா தான் பதில் சொன்னாங்க, "அது எதிர்ப்பு சக்திய கொறைக்கற மாத்திரையாமே மேடம், அதான் நிறுத்திட்டு சீந்தில் பொடி குடுத்தோம்". பெத்த மனசு, புள்ளைக்கு நல்லது நெனச்சு தான் செஞ்சிருக்காங்க. ஆனா கிட்னில போய் நிக்குது.

ஆட்டோஇம்யூன் நோய்னா எதிர்ப்பு சக்தி கம்மி இல்லங்க. இல்லவே இல்ல. இருக்கற சக்தி ஆள் தெரியாம நம்ம உடம்பயே அடிக்குது, ருமட்டாய்டுல மூட்டு, ஹாஷிமோட்டோல தைராய்டு, டைப் 1 சுகர்ல கணையம், லூபஸ்ல எங்க வேணா அடிக்கும்.

லூபஸ் மாதிரி நோய் சந்தேகம்னா எடுக்கற ஏ.என்.ஏ ரத்த டெஸ்ட்ட எங்க லேப்ல எப்படி பண்றோம்னு சொல்றேன். ஸ்லைடு மேல மனுஷ செல் ஒட்டியிருக்கும், அதுமேல நோயாளியோட சீரம் (ரத்தத்துல அணுவெல்லாம் பிரிச்ச நீர்) விட்டு, கழுவி, ஒளிர்ற சாயம் சேர்த்து, இருட்டு ரூம்ல மைக்ராஸ்கோப்ல பாப்போம். லூபஸ் சீரம்னா ஒவ்வொரு செல்லோட நியூக்ளியஸும் பச்சப்பசேல்னு மின்னும். மின்னறதெல்லாம் அந்த உடம்பு தன்னோட நியூக்ளியஸுக்கு எதிரா செஞ்சு வச்ச ஆன்டிபாடி, அதாவது கிருமிய அடிக்கன்னு எதிர்ப்பு சக்தி செய்யற புரோட்டீன். சக்தி இல்லாத உடம்பு இத்தன ஆன்டிபாடி செய்யுமா, நீங்களே சொல்லுங்க. (ஒண்ணு, ஏ.என்.ஏ லேசா பாசிட்டிவ் வந்தாலே நோய்னு அர்த்தம் இல்ல, நல்லா இருக்கறவங்களுக்கும் வரும், செக்கப் பேக்கேஜ்ல எடுத்துட்டு அழுதுட்டு வராதீங்க.)

நம்ம ரத்தத்துலயே இந்த அடிதடிய அடக்கறதுக்குன்னு ரெகுலேட்டரி டி செல்கள்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. 1995-ல ஜப்பான்ல சாகாகுச்சி காட்டுனாரு, 2001-ல பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் இதுக்கு பின்னாடி இருக்கற ஃபாக்ஸ்பி3 ஜீன கண்டுபுடிச்சாங்க, மூணு பேருக்கும் 2025-ல நோபல் குடுத்தாங்க. அந்த ஜீன் பழுதா பொறக்கற ஆம்பளக் கொழந்தைங்களுக்கு கைக்குழந்தையிலயே சுகர், நிக்காத வயித்துப்போக்கு, தோல் புண்ணுன்னு வரும். அடக்க ஆள் இல்லாததால வந்த வினை, சக்தி கொறஞ்சு வந்ததில்ல.

சரி, பொடிக்கு வருவோம். அது நெசமாவே எதிர்ப்பு சக்திய ஏத்துதுன்னே வச்சுக்கங்க, நல்ல செல்ல மட்டும் பாத்து ஏத்துமா? உங்க கிட்னிய அடிக்கற செல்லுக்கும் சேத்து தானே ஏறும்? ஏத்தலன்னா காசு தண்டம். ரெண்டுல எதுக்கு நீங்க மாத்திரைய நிறுத்துனீங்க? போதாததுக்கு, 2021-ல மும்பை டாக்டருங்க சீந்தில் சாப்ட்ட சிலருக்கு லிவர் கெட்டுப்போனத எழுதியிருக்காங்க, அதுல ஆட்டோஇம்யூன் பிரச்சன இருந்தவங்களும் உண்டு. மாத்திரையால இன்ஃபெக்ஷன் சுலபமா வரும்ங்கற பயம் நியாயம் தான், நான் இல்லன்னு சொல்லல. அதுக்கு வழி தடுப்பூசி, காய்ச்சல் வந்தா அன்னிக்கே டாக்டர்ட்ட போறது. பொடி இல்ல.

ஸ்டீராய்ட திடீர்னு நிறுத்தவே நிறுத்தாதீங்க, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், கொறைக்கணும்னா டாக்டர் தான் படிப்படியா கொறைப்பாரு. லூபஸ் இருக்கறவங்க மெட்ராஸ் வெயில்ல பைக்ல போறப்ப முழுக்கை, சன்ஸ்கிரீன், கொட, மூணுமே வேணும், வெயில் பட்டா நோயே கெளம்பிடும். யூரின் நுரைச்சு போனாலோ காலைல மொகம் உப்புனாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. லூபஸுக்கு குடுக்கற ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை போடறவங்க கண்ணு டெஸ்ட்ட தள்ளிப்போடாதீங்க. செலவு தான் கவலைன்னா சென்ட்ரல் எதிர்ல ஜி.எச்-ல ரூமட்டாலஜிக்கு (மூட்டுவாதம், லூபஸ் மாதிரி நோய்களுக்கு) தனிப்பிரிவே இருக்கு, தயவுசெஞ்சு அங்க போங்க, வாட்சப்ப கேக்காதீங்க.

ருமட்டாய்டு மாதிரி நோய்க்கு குடுக்கற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள் தான், தெனமும் போட்டா ரத்த அணுவெல்லாம் விழுந்துடும், உயிரே போயிருக்கு. எந்தக் கெழமைன்னு கவர் மேல பெருசா தமிழ்ல எழுதி வைங்க, வீட்ல மாத்திரை எடுத்துக் குடுக்கறவங்களுக்கும் சொல்லி வைங்க.