“கண்ணுக்கு நல்ல விட்டமின் குளிசை ஒன்று எழுதித் தாங்க டொக்டர்”

கண் கிளினிக்கில் இதைக் கேட்காத நாளில்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து வந்தாலும் காத்தான்குடியிலிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் விட்டமின் குறைபாடே இருக்காது. கண்ணாடி போட வேண்டிய குறை, வெண்புரை, இல்லையென்றால் சீனி வருத்தம். இவற்றை எந்த விட்டமின் குளிசையும் மாற்றாது.

அப்படியென்றால் விட்டமினுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு ரொடோப்சின் என்ற நிறமி வேண்டும். விட்டமின் ஏ இல்லாமல் அது உருவாகாது. அதனால்தான் குறைபாடு முதலில் மாலைக்கண்ணாகத் தெரியும். பொழுதுபட்டதும் பிள்ளை தட்டுத்தடுமாறும். அப்புறம் வெண்விழியில் நுரை படிந்ததுபோல் ஒரு திட்டு வரும். அதையும் கவனிக்காமல் விட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே போய்விடலாம். சிறுபிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் விட்டமின் ஏ மெகா டோஸ் (ஒரேயடியாகக் கொடுக்கும் பெரிய அளவு) இதைத் தடுக்கத்தான். “பிள்ளை நல்லாத்தானே இருக்கு” என்று அதைத் தவறவிடாதீர்கள்.

சாப்பாடு என்றதும் எல்லோரும் கரட்டைத்தான் சொல்வார்கள். மலைநாட்டிலிருந்து லொறியில் வரும் கரட் நல்லதுதான். ஆனால் வேலியில் முருங்கை நிற்கும்போது அதற்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. முருங்கை இலை, பொன்னாங்காணி, பூசணி, பப்பாசி, மாம்பழம் எல்லாவற்றிலும் பீட்டா கரோட்டின் உண்டு. உடல் அதை விட்டமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். முழுவதையும் அல்ல: சாப்பாட்டில் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் போனால் 1 மைக்ரோகிராம் விட்டமின் ஏ கிடைக்கும் என்பதுதான் கணக்கு. கூடவே கொழுப்பு இல்லாவிட்டால் அதுவும் சரியாக உறிஞ்சப்படாது. ஆகவே கரட்டைப் பச்சையாக அடித்துக் குடிப்பதைவிட, முருங்கை இலையைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணம் காய்ச்சிச் சோற்றோடு சாப்பிடுவது பிரயோசனம். சீனி வருத்தம் உள்ளவர்கள் “கண்ணுக்கு நல்லது” என்று கரட் ஜூஸில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரிவதில்லை.

ஈரலிலும் முட்டை மஞ்சட்கருவிலும் விட்டமின் ஏ நேரடியாகவே இருக்கிறது. ஆனால் கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. விட்டமின் ஏ குளிசையையும் டொக்டர் சொல்லாமல் போடக்கூடாது. அளவு மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குக் குறைபாடு வரலாம்.

பார்மசியில் விற்கும் விலைகூடிய ‘கண் விட்டமின்’ போத்தல்கள்? அமெரிக்காவில் நடந்த ஏரெட்ஸ் (AREDS) என்ற கண் நோய் ஆய்வுகளில் ஒரு குறிப்பிட்ட கலவை பலன் காட்டியது; விட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்பு, 2013இல் வெளியான இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு லூட்டீன், சியாசாந்தின் என்ற தாவர நிறமிகளும். வயதாகும்போது விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு, அது முற்றுவதை அந்தக் கலவை தாமதப்படுத்துகிறது. வெண்புரையை அது தடுக்கவில்லை. சிகரெட் பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் குளிசை போடவே கூடாது. நுரையீரல் புற்றுநோய் ஆபத்தை அது கூட்டும்.

குளிசைக்குச் செலவழிக்கும் காசில் முட்டையும் மீனும் வாங்குங்கள். கீரி, சூடை மீன்கள் மலிவு. விழித்திரைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அவற்றில் இருக்கிறது.

சீனி வருத்தம் இருந்தால், பார்வை தெளிவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். மருந்து விட்டுக் கண்மணியை விரித்துத்தான் பார்ப்போம். சில மணித்தியாலம் மங்கலாக இருக்கும் என்பதால் மோட்டார் சைக்கிளில் தனியே வராதீர்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, கிளினிக் கொப்பியோடு வாருங்கள்.