அதிபர் மாறினால் நேட்டோ முடிந்துவிடாது

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். இந்த வாரம் திருத்திய விடைத்தாள்களிலும் அதே வரி: டிரம்ப் வந்துவிட்டார், ஐரோப்பிய நாடுகளோடு சேர்ந்திருக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவைவிட்டு அமெரிக்கா நினைத்த நேரத்தில் வெளியேறிவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே இப்படி எழுதினால் என்னதான் செய்வது?

தலைமை மாறும்போது எது மாறும் என்பது, அந்த உறவு எந்தச் சட்ட பலத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை ஒபாமா 2016-இல் செனட்டுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) அனுப்பாமல் தன் அதிகாரத்திலேயே ஏற்றார். அதனால்தான் டிரம்ப் சுலபமாக விலகினார், பைடன் 2021-இல் பதவியேற்ற அன்றே திரும்பச் சேரக் கையெழுத்திட்டார், 2025-இல் டிரம்ப் பதவியேற்ற அன்றே மறுபடி விலக உத்தரவிட்டார். ஈரான் அணு ஒப்பந்தமும் அப்படித்தான் போனது. பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும் எவ்வளவோ சொல்லியும் 2018 மே மாதம் அமெரிக்கா விலகிவிட்டது.

நேட்டோ வேறு. 1949 ஒப்பந்தம் செனட்டின் ஒப்புதல் பெற்றது. 13-ஆவது பிரிவுப்படி, விலக நினைக்கும் நாடு நோட்டீஸ் கொடுத்து ஓராண்டு காத்திருக்க வேண்டும். போதாததற்கு, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோ தனிச் சட்டமோ இல்லாமல் அதிபர் விலகக் கூடாது என்று 2023 டிசம்பரில் சட்டமே வந்துவிட்டது.

சரி, அதற்காக "ஒன்றும் மாறாது" என்று எழுதினாலும் மதிப்பெண்ணைக் குறைப்பேன். 5-ஆவது பிரிவை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். ஒரு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல்தான். ஆனால் எந்த உதவி அவசியம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ளலாம். படை அனுப்பியே தீர வேண்டும் என்று அதில் இல்லை. அதாவது, வெளியேறாமலேயே ஓர் அதிபர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். ஐரோப்பாவின் பயம் இதுதான். 2025 பிப்ரவரி ஜெர்மனி தேர்தலில் வென்ற இரவே, அந்நாட்டுத் தலைவர் மெர்ஸ், ஐரோப்பா படிப்படியாக அமெரிக்காவைச் சாராமல் நிற்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே ஜெர்மனி, பாதுகாப்புச் செலவுக்காக அரசியலமைப்பில் இருந்த கடன் வரம்பைத் தளர்த்தியது.

இன்னொன்று, ஐரோப்பா போதுமான செலவு செய்வதில்லை என்ற புகார் டிரம்ப் தொடங்கியதல்ல. ஒபாமாவின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2011-இல் நேட்டோ தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸிலேயே அதைக் கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர்கள் கட்டிப்பிடிக்கும் போட்டோவை ஆதாரமாக எழுதாதீர்கள். டிவி விவாதத்தைக் குறிப்பெடுக்காதீர்கள். செனட் ஏற்ற ஒப்பந்தமா, அதிபரின் உத்தரவா, பணம் ஒதுக்குவது யார் என்று முதலில் பாருங்கள். அப்புறம், தயவுசெய்து மூல ஒப்பந்தத்தைப் படியுங்கள். நேட்டோ ஒப்பந்தம் மொத்தமே 14 பிரிவுகள்தான். ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.