ஒரு சீஸ்கேக் துண்டு என்னவெல்லாம் சொல்லும்?

நியூயார்க்கின் பிராட்வேயில் லியோ லிண்டமன் 1921இல் திறந்த 'லிண்டீஸ்' உணவகம் 1969இல் மூடப்பட்டது. நாடகக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் சூதாடிகளும் விடிய விடிய உட்கார்ந்து பேசிய இடம். கிரீம் சீஸும் முட்டையும் சேர்த்துச் சுட்ட அதன் சீஸ்கேக் எவ்வளவு பேர்போனது என்றால், 1950இல் மேடையேறிய ஒரு பிராட்வே இசை நாடகத்தில், பெயரை லேசாக மாற்றி, அந்தக் கடையில் சீஸ்கேக் அதிகம் விற்கிறதா ஸ்ட்ரூடல் (பழம் வைத்துச் சுருட்டிச் சுடும் பலகாரம்) அதிகம் விற்கிறதா என்று பந்தயம் கட்டப் பார்ப்பார்கள். செய்முறையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடை போய்விட்டது. அதைத் தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

தின்னக் கிடைத்த ஒரு துண்டிலிருந்து அதன் செய்முறையைத் திருப்பி எடுக்க முடியுமா? சட்டம் குறுக்கே நிற்காது. வெறும் பொருள்களின் அளவுப் பட்டியலுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. வணிக ரகசியத்துக்குப் பாதுகாப்பு உண்டு; ஆனால் காசு கொடுத்து வாங்கிய துண்டை ஆராய்ந்து ஒருவர் சொந்தமாகக் கண்டுபிடித்தால் அது குற்றமில்லை.

ஆய்வகத்தில் இதைச் செய்யும் விதம் அழகானது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய ஓர் அடையாளத்தைத் தேடுவார்கள். பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். கடையில் வாங்கும் சீனி சுக்ரோஸ். ஆகவே கேக்கின் உட்பகுதியில் சுக்ரோஸை அளந்தால் எத்தனை கிராம் சீனி போட்டார்கள் என்பது வந்துவிடும். ஸ்டார்ச் இருந்தால் அது மாவிலிருந்து வந்தது. கேசீன் என்ற புரதம் பாலிலிருந்து மட்டுமே வரும். கொலஸ்ட்ரால் பாலிலும் உண்டு, மஞ்சள் கருவிலும் உண்டு; பாலின் பங்கைக் கழித்தால் மிச்சம் முட்டைக் கணக்கு. வாசனையைக்கூடப் பிரித்துவிடலாம்: லிமோனீன் ஆரஞ்சுத் தோலிலும் எலுமிச்சைத் தோலிலும் இருக்கிறது, சிட்ரால் எலுமிச்சையில்தான் தூக்கலாக இருக்கும்.

இத்தனை பாடுபட்டு வரும் பட்டியல், லிண்டீஸின் பெயரில் சமையல் நூல்களில் பல வடிவங்களில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அதிகம் புழங்குவது இது: இரண்டரை பவுண்டு, அதாவது சுமார் 1,130 கிராம் கிரீம் சீஸ் (வெண்ணெய்போல மெதுவான பாலாடைக்கட்டி); ஒன்றேமுக்கால் கப் சீனி; 3 மேசைக்கரண்டி மைதா; 5 முழு முட்டை, கூடவே 2 மஞ்சள் கரு; கால் கப் கெட்டிக் கிரீம்; கொஞ்சம் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் துருவல், வனிலா. அடியில் வெண்ணெய் பிசைந்த பிஸ்கட் மாவு. கூட்டிப் பார்த்தால் உட்பகுதியின் எடையில் ஐந்தில் மூன்று பங்கு கிரீம் சீஸ். மைதா நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை.

அதனால் இதைக் கேக் என்று நினைத்தால் தடம் மாறிவிடுவோம். கேக்கை மாவு தாங்கி நிற்கும். இதைத் தாங்குவது முட்டை. இது உண்மையில் கெட்டியான ஒரு கஸ்டர்ட், அதாவது பாலும் முட்டையும் சூட்டில் இறுகி வரும் இனிப்பு. முட்டையின் புரதங்கள் பச்சையாக இருக்கும்போது நூலுருண்டை மாதிரி சுருண்டு கிடக்கும். சூடேறினால் பிரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகி, நீரையும் கொழுப்பையும் உள்ளே பிடித்துவைக்கும். கிரீம் சீஸின் லேசான புளிப்பு இந்த வேலையைக் கொஞ்சம் குறைந்த வெப்பத்திலேயே நடத்தித் தருகிறது. நடுப்பகுதி 65 முதல் 70 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே போதும். அதைத் தாண்டி ஏற ஏற வலை இறுகும், பிடித்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். முட்டைப் பொரியலை அடுப்பில் மறந்துவிட்டால் வாணலியில் தண்ணீர் கசிந்து நிற்குமே, அதேதான்.

முதல் தடவை நான் செய்தது அப்படித்தான் கெட்டது. மேற்படி அளவில் பாதியை எடுத்து, வீட்டு ஓடிஜியில் (சிறிய மின் ஓவனில்) 180 டிகிரியில் சீராக ஒரு மணி நேரம் வைத்தேன். கதவைத் திறந்தபோது கேக் ஆப்பச்சட்டியில் வார்த்த ஆப்பம் மாதிரி ஓரம் உயர்ந்து, நடுவில் குழிந்து, விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. வெடிப்பின் ஓரத்தில் முத்து முத்தாக நீர். வாயில் வைத்தால் மணல் மணலாக இருந்தது. பொருளில் பிழை இல்லை. அளவிலும் இல்லை.

பிழை தீயில். லிண்டீஸ் துண்டைப் பற்றிச் சொல்லப்படும் வர்ணனைகளை யோசித்துப் பாருங்கள்: மேலே செம்பழுப்பு, உள்ளே வெண்ணெய்போல வழவழப்பு, வெடிப்பு இல்லை. இந்த மூன்றும் ஒரே சூட்டில் ஒன்றாக வரவே வராது. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து செம்பழுப்பாகும் மையார் வினை 140 டிகிரி வாக்கில்தான் வேகமெடுக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது, ஆக முதலில் அது உலர வேண்டும். அதற்கு ஓவன் கொதிக்க வேண்டும். உள்பகுதிக்கோ 70 டிகிரிக்கு மேல் ஆகாது.

அச்சான குறிப்பில் இதற்கு விடை இருக்கிறது, ஆனால் ஒரே வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. 260 டிகிரியிலோ அதற்கும் மேலோ பன்னிரண்டு நிமிடம். பிறகு 93 டிகிரிக்கு இறக்கி ஒரு மணி நேரம். இப்படி ஒரு கெட்டியான ஈரக் கலவைக்குள் வெப்பம் மிக மெதுவாகத்தான் இறங்கும்: பன்னிரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மேல்பரப்பு சிவந்து முடியும்போது நடுப்பகுதிக்குச் சூட்டின் சேதியே எட்டியிருக்காது. அதற்குப் பிறகு வரும் 93 டிகிரிக் காற்றில் எந்தப் பகுதியும் கொதிக்காது. எனக்கு இந்த ஒரு வரிதான் முழு ரகசியம்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1950 முதல் இருக்கும் ஜூனியர்ஸ் உணவகம் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. அடியில் மெல்லிய ஸ்பாஞ்ச் கேக், டின்னைச் சுற்றி வெந்நீர்த் தட்டு. ஓவன் எவ்வளவு சூடானாலும் தட்டிலுள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஓரம் முந்திக்கொண்டு வேகாது.

இரண்டாம் முறை முட்டையை ஊற்றியபின், மாவு அடிக்கும் பீட்டரை ஒதுக்கி வைத்துவிட்டுக் கரண்டியால் கிண்டினேன். அடித்து ஏற்றிய காற்று ஓவனில் விரிந்து, ஆறும்போது அமுங்கி வெடிப்பைத் தரும். என் ஓடிஜியின் உச்சம் 250, அடி 100. 250இலேயே பன்னிரண்டு நிமிடம், பிறகு கதவை ஒரு நிமிடம் திறந்து சூட்டைத் தணித்து, 100க்கு இறக்கினேன். தெர்மாமீட்டர் 66 காட்டியபோது அணைத்தேன். டின்னைத் தட்டினால் நடு வட்டம் இட்லி மாவுபோல ததும்பியது. வேகவில்லை என்றே தோன்றும். உடனே கத்தியை ஓரம் சுற்றி ஓட்டி, டின்னிலிருந்து விடுவித்தேன். ஆறும்போது கேக் சுருங்கும், ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுவில் கிழியும்.

மீதி வேலை ஃப்ரிட்ஜுடையது. அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸில் குறைந்தது 33 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். முழு அளவில் செய்தால் முந்நூற்றைம்பது கிராமுக்கு மேல் பால்கொழுப்பு. சூட்டில் உருகிக் கிடந்த அது குளிரில் உறைந்து, முட்டை வலைக்குத் தோள் கொடுக்கும். மறுநாள் காலை கத்தியை வெந்நீரில் நனைத்து வெட்டினேன். துண்டு சாயாமல் நின்றது. முள்கரண்டியை எடுத்தபோது நான்கு பல்லின் தடமும் அதில் அப்படியே இருந்தது. முதலில் வந்தது சீஸின் புளிப்பு. ஆரஞ்சு மணம் விழுங்கிய பிறகுதான் வந்தது.